வலது பக்கத்துப் பொத்தான்

"அண்ணி, இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? அத்தனையும் திருட்டு."

லீவுக்கு வந்திருந்த கொழுந்தன் இதைச் சொன்னபோது ஊசிக்காரி பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். திருட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, தெருக் கதவைத்தான் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. எதிர் வீட்டுக்காரி காது கொடுத்துக்கொண்டே வாளி கழுவுகிறவள்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. என்ன திருட்டு?"

"காசு குடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேரு. எவனோ பூட்டை உடைச்சுப் போட்டிருக்கான். சிஸ்டமும் அப்படித்தான். தெனமும் மூலையில ஒண்ணு வந்து கத்துமே, பாத்ததில்ல?"

"வரும். மூடிடுவேன்."

"மூடிடுவேன்!" கொழுந்தன் சிரித்தான். "வீடு பத்தி எரியுதுன்னு ஒருத்தன் வந்து கதவைத் தட்டறான், நீங்க தாழ்ப்பாள் போட்டுட்டு நூல் சுத்தறீங்க."

உள்ளேயிருந்து மாமியாரும் சிரித்தாள். சின்ன மகன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். பெரியவன் சொன்னால் காது கேட்காது.

அந்த எம்ப்ராய்டரி மெஷின் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கியது. பழைய காலத்து மெஷின். தனக்கென்று புத்தி கிடையாது. கம்ப்யூட்டர் போ என்றால் போகும், நில் என்றால் நிற்கும். வாங்கிய அன்று அந்தக் கம்பெனி ஆள் ஒருவன் வந்து, ஒரு மத்தியானம் பூராவும் கூட உட்கார்ந்து, இங்கே அழுத்து, அப்புறம் இங்கே அழுத்து என்று காட்டிவிட்டு டீ குடித்துப் போனான். அவள் படித்த கம்ப்யூட்டர் அவ்வளவுதான். ஆனால் தெருவில் பாதிக் கடைகளின் சட்டைப் பைகளில் அவள் போட்ட பெயர்தான் இருந்தது. அதனால்தான் ஊசிக்காரி.

ஒரு விஷயம் மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. பத்தாவது படித்த பெண் என்று தரகர் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. நாலாவதோடு நின்று தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்தவள் அவள். நம்ம எழுத்தை உதடு அசையப் படிப்பாள். ஆங்கில எழுத்து அவளுக்குப் பூ மாதிரி, இலை மாதிரி ஓர் உருவம். ஒரு கொக்கி, ஒரு வட்டம், ஒரு ஏணி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தால் அது டாக்டர் பெயராகிவிடும். கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். சீப்பு மாதிரி இருக்கிற படம் டிசைனைத் திறக்கும். சிலந்தி மாதிரி இருப்பது டிசைனை நடுவில் கொண்டு நிறுத்தும். துணியை மாட்டுகிற இரும்பு ஃப்ரேமைத் தாண்டி டிசைன் போனால் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு கட்டம் எகிறி வந்து என்னவோ கேட்கும். கேட்டால், வலது பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மெஷின் நின்றுவிடும். இடது பக்கத்தை அழுத்தினால் ஊசி இரும்பில் போய் மோதும். அந்தக் கம்பெனி ஆள் அதை மட்டும் மூன்று தடவை சொன்னான். "வலது கை சோத்துக் கை, அதை மறக்காதீங்க." அவளும் மறக்கவில்லை.

இப்போது ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. நர்ஸ் காலேஜ் கோட்டுகள். ஒவ்வொரு பையிலும் விளக்கும் வளையமும் போட்ட சின்னம், கீழே காலேஜ் பெயர். யூனிஃபார்ம் கடைக்காரர் கோட்டு மூட்டைகளை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"இது நல்லா அமைஞ்சா வருஷா வருஷம் உனக்குத்தான் தங்கச்சி. திங்கட்கிழமை காலேஜ் தொறக்குது. என் மானத்தை வாங்கிடாத."

"எப்பண்ணே வாங்கியிருக்கேன்?"

"இதுவரைக்கும் இல்ல. அதான் பயமா இருக்கு."

மாமியாருக்கு முன்னறை வேண்டியிருந்தது. டிவியை அங்கே வைத்து, காலை நீட்டி உட்கார வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபர்னிச்சர் கடையில் விற்பனைக்கு நிற்கும் புருஷன், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் விலை பேசுகிற ஆள் மாதிரி இரண்டு பக்கமும் தலையாட்டுவான். கடைசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். "இந்த ஆர்டர் நிலைச்சா அறை அவளுக்கு. இல்லைன்னா மெஷினை எடுத்துடலாம்மா." அவள் காது கேட்கத்தான் சொன்னான்.

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று தம்பியிடம் சொன்னவனும் அவன்தான். அவள் எதையும் சரிசெய்யக் கேட்கவேயில்லை. மெதுவாக ஓடினால் அவளுக்கென்ன? டிசைன் திறப்பதற்குள் ஒரு கோட்டை ஃப்ரேமில் மாட்டிவிடுவாள். இரண்டுக்கும் சரியாக இருந்தது.

நூல் வாங்கக் கடைக்குப் போய்விட்டு மழையில் நனைந்து திரும்பியபோது திரை ஊதா நிறத்தில் இருந்தது. அவளுடைய சீப்பு இல்லை. சிலந்தி இல்லை. பின்னணியில் இருந்த மலைப் படம்கூட இல்லை.

"வாங்க அண்ணி. புதுசாப் பொறந்திருக்கு பாருங்க."

"என்ன தம்பி செஞ்சீங்க?"

"எல்லாத்தையும் துடைச்சுட்டேன். இது சுதந்திரமான சிஸ்டம். யாருக்கும் காசு குடுக்க வேணாம், யாருக்கும் பயப்பட வேணாம். உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி, சும்மா குடுக்கறாங்க."

"சும்மாவா? எதுக்கு?"

"எதுக்குன்னா... நல்ல எண்ணம்தான்."

"நல்லது. என் சீப்பு எங்க?"

"என்ன சீப்பு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டிசைன் தொறக்கறது."

"டிசைன் எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணு விடல."

"டிசைன் இருக்கு. ஓட்டறது?"

கொழுந்தன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். கெட்டவன் இல்லை. அவள் கண்ணைப் பார்த்தவுடன் அவனுக்கே எங்கேயோ இடறியது. "அந்த சாப்ட்வேரோட டிஸ்க் இருக்குமில்ல?"

"மெஷினோட வந்தது தம்பி. டிஸ்க் கிஸ்க் எதுவும் தரல."

"வித்தவன் நம்பர்?"

"கம்பெனியே இல்லையே."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றான் அவன். "இதுக்கு மாத்து ஏதாவது நிச்சயம் இருக்கும். இதுல இல்லாததே கிடையாது."

மாமியார் எட்டிப் பார்த்து, "அவன் எவ்ளோ பெரிய ஆபீஸ்ல எவ்ளோ பெரிய கம்ப்யூட்டரை மேய்க்கிறான், உன் தையல் மெஷின் ஒரு பெரிய விஷயமாக்கும்!" என்றாள். "முகத்தைத் தூக்கி வச்சுக்காம டீ போடு."

டீ போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாதென்று திரையில் இருக்கிற எழுத்தையெல்லாம் நம்ம பாஷைக்கு மாற்றினான் கொழுந்தன். பெருமையாக நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தான். அவள் உதடு அசைத்துப் படித்தாள்.

"கோப்பு. தொகு. இயல்பிருப்பு... தம்பி, இயல்பிருப்புன்னா என்ன?"

"அது வந்து... நீங்க எதுவும் மாத்தாம இருந்தா எப்படி இருக்குமோ அது."

"நான் எதுவும் மாத்தாமத்தானே இருந்தேன்?"

புருஷன் வாய்விட்டுச் சிரித்தான். தம்பி முகம் சுருங்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "இல்லடா, அவளுக்குப் பேசத் தெரியாது. நீ வேலையப் பாரு."

வேலை நடந்தது. மழையும் விடாமல் பெய்தது. முன்னறையில் ஈரக் கோட்டு வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. கொழுந்தன் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தட்டிக்கொண்டே இருந்தான். ரொட்டியைக் கடித்துக்கொண்டு தட்டினான். கண் சிவந்திருந்தது. அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள், விட்ட எண்ணெயைத் துடைத்தாள், திரும்ப விட்டாள். கேபிளை அந்த சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை என்றான். அடையாளம் தெரிந்தும் பேச மாட்டேன் என்கிறது என்றான். எங்கேயோ இருக்கிற ஆட்களிடம் அவளுக்காக ஒரு கேள்வி எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னான்.

மாமியார் கேட்டாள். "பதில் வந்துச்சாடா?"

"வந்துச்சும்மா." பல்லைக் காட்டிப் படித்தான். "'மாத்தறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்'னு ஒருத்தன். 'மொதல்ல உதவிப் பக்கத்தைப் படிச்சுட்டு வரச் சொல்லு'ன்னு ஒருத்தன். இன்னொருத்தன், 'பத்துப் பாட்டன் காலத்து மெஷினைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க'ங்கறான்."

"நல்ல எண்ணம்தான்" என்றாள் ஊசிக்காரி.

"எனக்கு நாலு பேரு நன்றி சொல்லியிருக்காங்க அண்ணி. ஒரு குடும்பத்தை மாத்தினதுக்கு."

யூனிஃபார்ம் கடைக்காரர் போன் செய்தார். எடுத்துப் பேசினவன் புருஷன். "ஓடிட்டிருக்கு, ஓடிட்டிருக்கு" என்றான். மெஷின் துணி போர்த்தி நின்றது.

கடைசியில் கொழுந்தன் கையைத் தட்டி எழுந்தான். இந்தப் பழைய மெஷினுக்கென்றே எவனோ ஒரு புண்ணியவான் பொழுதுபோகாமல் எழுதி வைத்த சாப்ட்வேர் ஒன்று அகப்பட்டுவிட்டது. கேபிள் பேசியது. அவளுடைய காலேஜ் சின்னம் திரையில் வந்து நின்றது. விளக்கு, வளையம், கீழே ஏணியும் கொக்கியுமாகப் பெயர். ஊசிக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்துக் கண்டெடுத்தவள் மாதிரி திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சொன்னேனே! இந்த சாப்ட்வேர் மட்டும் இன்னும் நம்ம பாஷைல வரல. இங்கிலீஷ்தான். நீங்க பத்தாவது, ஒரு பிரச்சினையும் இல்ல."

"ஒரு பிரச்சினையும் இல்ல" என்றாள்.

சொல்லியிருக்கலாம். தம்பி, எனக்குப் படிக்க வராது, ஒவ்வொரு படமும் என்னன்னு சொல்லுங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாமியார் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தோலை உரித்தால் அடுத்த தோல் தானாக வரும் என்று ஊசிக்காரிக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து உரிபடாமல் வைத்திருந்த ஒன்று அது. படங்கள்தானே, பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவள் அப்படித்தான் எல்லாவற்றையும் பழகினாள், அந்த வீட்டு ஆட்கள் உட்பட.

யூனிஃபார்ம் கடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது முதல் கோட்டை அவள் ஃப்ரேமில் மாட்டி முடித்திருந்தாள். அவர் மூட்டைகளைப் பார்த்தார். கட்டுப் பிரிக்காத மூட்டைகள்.

"தங்கச்சி, என்னம்மா இது? ஒண்ணுகூடப் போடலையா?"

"இப்ப ஓடும் சார், இப்ப ஓடும்" என்றான் கொழுந்தன். "உங்க முன்னாடியே பாருங்க. அண்ணி, உக்காருங்க."

எல்லோரும் சுற்றி நின்றார்கள். புருஷன், மாமியார், கடைக்காரர். கொழுந்தனின் போன் அடித்தது, ஆபீஸ். அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே கையால் சைகை காட்டினான், ஆரம்பியுங்கள் என்று.

"தம்பி, டிசைன் ஃப்ரேமுக்கு நடுவுல இருக்கான்னு..."

"திரையில நடுவுலதானே அண்ணி இருக்கு?" என்று போனை மூடிக்கொண்டு சொன்னான்.

திரையில் நடுவில்தான் இருந்தது. அவள் பச்சையாக இருந்ததை அழுத்தினாள். முக்கோணத்தோடு ஒரு கட்டம் எகிறி வந்தது. மஞ்சள் இல்லை, ஆரஞ்சு. ஆனால் முக்கோணம். அதன் கீழே இரண்டு பொத்தான்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பழைய ஆள். ஊர் மாறிப் போன இடத்தில் தெரிந்த முகம் ஒன்று. ஃப்ரேமைத் தாண்டுகிறது, என்ன செய்ய என்று கேட்கிறது.

"ஏதோ கேக்குதே?" என்றார் கடைக்காரர், கண்ணாடியைத் தேடிக்கொண்டு.

"ஆமாண்ணே. எனக்குத் தெரியும்."

ஜன்னல் பக்கமிருந்து கொழுந்தன், "அண்ணி, படிச்சுப் பாத்து அழுத்துங்க" என்றான்.

"படிச்சுட்டேன்."

வலது பக்கத்தை அழுத்தினாள்.

அந்த சிஸ்டத்தில் எல்லாம் இடம் மாறியிருந்தது. போகலாம் என்பது வலது பக்கம், வேண்டாம் என்பது இடது பக்கம். அதைச் செய்தவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது, நல்ல காரணம்தான், கொழுந்தன் பிறகு அதை விளக்கவும் செய்தான். ஃப்ரேம் ஒரு மூலைக்குப் பாய்ந்தது. ஊசி இறங்கியது. இரும்பும் இரும்பும் மோதிய சத்தத்தில் மாமியார் வெங்காயத் தட்டைக் கீழே போட்டாள். ஊசி முறிந்து தெறித்தது, மெஷின் நிற்கவில்லை. முறிந்த ஊசியோடு இன்னும் இறங்கி இறங்கி அடித்தது. உள்ளே நூலைப் பிடித்திழுக்கிற ஹூக் நொறுங்குகிற ஓசை, பல்லைக் கடிப்பது போல. கொழுந்தன் ஓடி வந்து மெஷினுக்குப் போகிற கரண்டைப் பிடுங்கினான்.

மழை மட்டும் கேட்டது.

"என்ன அழுத்தினீங்க?"

"வேண்டாம்னுதான் குடுத்தேன் தம்பி."

"வேண்டாம்னா எப்படி ஓடும்? கட்டத்துல என்ன போட்டிருந்துச்சு?"

"நிறுத்தவான்னு..."

"எங்க எழுதியிருந்துச்சு நிறுத்தவான்னு?" அவன் கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை மறுபடியும் வரவழைத்தான். வந்தது. "படிங்க."

அவள் திரையைப் பார்த்தாள்.

"படிங்க அண்ணி. இந்த வலது பக்கம் என்ன எழுதியிருக்கு?"

"வலது பக்கம்னா வேண்டாம்தானே?"

"எழுதியிருக்கறதைப் படிக்கச் சொல்றேன்!"

"ஒரு கொக்கி" என்றாள் அவள். "கொக்கி, வட்டம்..."

கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது ஒன்றுதான் அங்கே நடந்த மரியாதையான காரியம். கொழுந்தனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவன் முகத்தில் கோபம் போய் ஒரு நிம்மதி வந்தது. குற்றம் இறங்குவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

"ஐயோ. இதை மொதல்லயே சொல்லியிருக்கணுமே அண்ணி. சிஸ்டத்துல தப்பே இல்ல. அது கேட்டிருக்கு. தெளிவாக் கேட்டிருக்கு."

மாமியார் சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள். "பத்தாவது! பத்தாவதுன்னு சொல்லித்தானே தலைல கட்டினாங்க? ஏண்டா, நீ கேட்டியா? உன் பெண்டாட்டிகிட்ட ஒரு நாளாவது பேப்பரைக் குடுத்துப் படிக்கச் சொன்னியா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? தெனமும் இங்கிலீஷ்லதானே தச்சா!"

"கிளிகூடத்தான் பேசுது."

"நீங்க சொல்லுங்க" என்று ஊசிக்காரி புருஷனைப் பார்த்துக் கேட்டாள். "இத்தனை வருஷம் ஒரு எழுத்து தப்பாப் போட்டிருக்கேனா?"

அவன் மெஷினைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். "இப்ப போட்டுட்டியே" என்றான்.

மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்தார். "இந்த ஹூக் இப்ப வர்றதில்லம்மா. ஊசித் தண்டும் வளைஞ்சுடுச்சு. இரும்பு விலைக்குக் கேட்டா சொல்றேன்" என்றார். அப்புறம் திரையைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஊதாவா இருக்கு? இதையெல்லாம் எங்க கடைல தொட மாட்டோம்" என்றார். கோட்டு மூட்டைகள் அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போயின. ஏற்றும்போது கடைக்காரர், "நூல் வெட்டற வேலை இருந்தா அனுப்பறேன் தங்கச்சி. அதுக்குப் படிப்பு வேணாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

கொழுந்தன் ஊருக்குக் கிளம்புமுன் கம்ப்யூட்டரை டிவிக்குப் பக்கத்தில், முன்னறையில் வைத்துக் கொடுத்தான். இரும்பு விலைக்குப் போன மெஷின் நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது; மாமியார் அதன் மேல் ஒரு பாயை விரித்தாள். சீரியல் திறக்க ஒரே ஒரு பெரிய படம் போதும் என்று வைத்துக் கொடுத்திருந்தான். மாமியாருக்கு அது அத்துப்படியாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "ஒரு தடவை நின்னதில்ல. ஒரு வைரஸ் கிடையாது. என்னை மாதிரி கிழவியே ஓட்டறேன், அவளுக்கு வரலன்னா யாரு என்ன செய்ய?"

ஊசிக்காரிக்குக் கோட்டுகள் வந்துகொண்டிருந்தன. வேறு எவளோ மெஷினில் போட்ட விளக்கு, வளையம். முன்னும் பின்னும் தொங்குகிற நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, மடித்து, திருப்பிக் கட்ட வேண்டும். முன்னறையில் அதைப் பரப்ப மாமியார் விடவில்லை. சமையலறைக் கதவோரம் உட்கார்ந்து வெட்டினாள். நூல் துணுக்கு சோற்றில் விழுகிறது என்று அதற்கும் பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கொழுந்தன் திரையில் வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு ஹால், நிறைய ஆட்கள், நிறைய நாற்காலி.

"அம்மா, அண்ணியைக் கூப்பிடுங்க. இங்க எங்க கூட்டம் நடக்குது. சாதாரண ஜனங்க ஏன் இந்த சிஸ்டத்துக்கு மாற மாட்டேங்கறாங்கன்னு பேசறோம். நம்ம வீட்டைத்தான் உதாரணமாச் சொன்னேன்."

"ஏய், கத்தரியை வச்சுட்டு வாடி. சின்னவன் கூப்பிடறான்."

அவள் மடியிலிருந்த கோட்டோடு எழுந்து வந்து நின்றாள். திரையில் தன் முகமும் ஒரு சின்னக் கட்டத்தில் தெரிந்தது. தலைமுடியில் வெள்ளை நூல்.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? சும்மா ஒரு வரி சொல்லுங்க. எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. 'மொதல்ல கஷ்டமா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு'. அவ்வளவுதான்."

ஹாலில் யாரோ இருமினார்கள்.

"கூச்சப்படறாங்க" என்றான் அவன், பின்னால் திரும்பி. சிரிப்பு எழுந்தது, அன்பான சிரிப்பு.

புருஷன் அவள் முழங்கையைத் தொட்டான். "சொல்லேன். என்ன போச்சு உனக்கு?"

மாமியார் பாயிலிருந்து அசையாமல், "சீக்கிரம் சொல்லித் தொலை. என் சீரியல் போகுது" என்றாள்.

"பழகிடுச்சு" என்றாள் ஊசிக்காரி.

அந்தப் பக்கம் கை தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். அவள் முடியும் வரை நின்றிருந்துவிட்டு, கையிலிருந்த கோட்டில் விட்டுப்போன ஒரு நூலைப் பார்த்தாள். கத்தரி சமையலறையில் இருந்தது. குனிந்து பல்லால் கடித்துத் துப்பினாள்.

"பாயில துப்பாதடி" என்றாள் மாமியார்.